ஃபேனை நிறுத்திய பிறகு

ஒரே ஒரு பாட்டு. மூன்று நிமிடம். கிட்டாரும் என் குரலும் மட்டும். அதைப் பதிவு செய்ய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாகப் போராடுகிறேன்.

கண்டென்சர் மைக் வாங்கியதுதான் முதல் தப்பு. 48 வோல்ட் கொடுத்துவிட்டால் போதும், குளியலறைக் குழாய் சொட்டுவதைக்கூடப் பிடித்துத் தரும். அதனால் மே மாதச் சென்னையில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு உட்காருகிறேன். வியர்வையில் விரல் கம்பியில் வழுக்குகிறது. சரி, போகட்டும். முதல் சரணம் தாண்டும்போது மேல்வீட்டுக் குக்கர் விசில். அதுவாவது மூன்றோடு நிற்கும். தெருவில் வரும் லோடு ஆட்டோ இருக்கிறதே! முன்பெல்லாம் காய்காரர் தொண்டை வலிக்கக் கூவுவார், நடுவில் மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியில் ஒரு வரி பாடிவிடலாம். இப்போது பதிவு செய்த குரல், ஒலிபெருக்கியில், மூச்சே விடாமல். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு..."

மென்பொருளில் நீக்கிவிடலாமே என்கிறான் நண்பன். ஃபேன் மாதிரி ஒரே சீராக இரையும் சத்தம் என்றால் ஓரளவு நீங்கும். இதுவோ மனிதக் குரல். என் குரல் இருக்கும் இடத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுரண்டினால் நான் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடுகிறது.

இரவில் பாடலாம் என்றால் அப்பா தூங்குகிறார். கடுப்பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுத்தேன். பத்துப் பக்கத்துக்குத் தெருவே நிசப்தம். பாய்ந்து எழுந்து மைக்கைப் போட்டால், எங்கிருந்தோ ஒரு குயில். கூவக் கூவச் சுருதியை ஏற்றிக்கொண்டே போகிறது சனியன்.