முகமூடியும் அந்த 2 நிமிடமும்

“மூச்சுப் பயிற்சி முகமூடி போட்டு ஆறு வாரம் சைக்கிள் பயிற்சி செய்தேன், 40 கி.மீ. டைம் ட்ரயலில் (தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டுவது) 2 நிமிடம் குறைந்தது, மலையில் பயிற்சி செய்ததற்குச் சமம்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். சமம் இல்லை. மலை உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. முகமூடி மூச்சிழுப்பதைத்தான் சிரமமாக்குகிறது, காற்றழுத்தத்தை மலையைப் போலக் குறைப்பதில்லை.

சரி, 2 நிமிடம்? அந்த ஆறு வாரமும் பெடல் மிதித்தீர்களே, அதன் பங்கு எவ்வளவு? முதல் ஓட்டம் 10 டிகிரி குளிரில், இரண்டாவது 30 டிகிரியில் என்றால் காற்றின் அடர்த்தி 6-7% குறையும், காற்றுத் தடையும் அதே அளவு குறையும். ஒரு மணி நேர ஓட்டத்தில் அதுவே ஏறக்குறைய ஒரு நிமிடம். காற்றின் திசையை நான் இன்னும் கேட்கவே இல்லை. நேரத்தை விடுங்கள், பவர் மீட்டரில் (மிதிக்கும் சக்தியை வாட்டில் அளக்கும் கருவி) இரண்டு நாளும் சராசரி வாட் எவ்வளவு? அப்புறம், அதே பயிற்சியை முகமூடி இல்லாமல் செய்தவர் யாராவது உண்டா?