துவாலு தீவு வளர்வதால் கடல் மட்ட உயர்வு பொய்யாகிவிடுமா?

"மூழ்கப்போகிறது என்று பயம்காட்டிய துவாலு உண்மையில் வளர்கிறது, கடல் மட்டம் உயர்வதெல்லாம் கட்டுக்கதை" என்று ஒரு வாட்ஸ்ஆப் செய்தி சுற்றுகிறது. துவாலு என்பது பசிபிக் பெருங்கடலில் உள்ள சின்னத் தீவு நாடு.

முதல் பாதி பொய்யில்லை. 1971 முதல் 2014 வரையிலான வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், அந்நாட்டின் நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் அங்கே கடல் மட்டம் உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் உயர்ந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. பகிர்ந்தவர்களுக்கு அந்த வரி மட்டும் கண்ணில் படவில்லை போலும்!

உடைந்த பவளத் துண்டுகளையும் மணலையும் அலைகள் கரையில் ஒதுக்குவதால் தீவு அகலமாகிறது. அதற்காக வீடுகள் இருக்கும் தரை உயர்ந்துவிடாது. நாட்டின் மிக உயரமான இடமே ஐந்து மீட்டருக்குள்தான்.

தலைநகர் ஃபுனாஃபுட்டியில் பெரிய ஓதம் (கடலேற்றம்) வரும்போது தண்ணீர் கரையைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பதில்லை. அடித்தளப் பவளப்பாறை சல்லடை மாதிரி. உப்புநீர் தரைக்கடியிலிருந்தே கொப்பளித்து வருகிறது. 'புலாக்கா' என்ற சேம்பு வகையை அங்கே நிலத்தடி நன்னீர் தட்டும்வரை குழிதோண்டிப் பயிரிடுவார்கள். அந்தக் குழியில் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். சுற்றிலும் இருக்கும் கடலோ பார்வைக்கு அமைதியாகவே இருக்கும்.

இந்த நிலையில்தான், ஆஸ்திரேலியாவுடன் செய்துகொண்டு 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்கே குடும்பத்தினரையும் சேர்த்து நாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள்.