வாட்டர்லூ சிப்பாய்க்கு கொஞ்சம் சேறு பூசுங்க

நெப்போலியன் காலத்து ஆர்மி பொம்மைங்கள பெயின்ட் பண்ற நண்பர்கள்கிட்ட எனக்கு ரொம்ப நாளா ஒரு சண்டை இருக்கு, இன்னிக்கு எழுதிடறேன். 28 எம்எம் உயர பிரிட்டிஷ் சிப்பாய் பொம்மைக்கு ரத்தச் சிவப்புல கோட்டு, பால் வெள்ளைல குறுக்கு பெல்ட்டு, துளி அழுக்கு இல்லாத பூட்ஸு... கைவேலைய நான் குறையே சொல்ல மாட்டேன், கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா நெப்போலியன் தோத்த வாட்டர்லூ சண்டை நடந்த 1815 ஜூன் 18 காலைல, பிரிட்டிஷ் படை நின்ன அந்த மேட்டுல அப்படி ஒருத்தன் நின்னிருக்க வாய்ப்பே இல்லங்க!

முந்தின ராத்திரி பூரா பேய் மழை. ரெண்டு பக்கத்து ஆளுங்களும் பெரும்பாலும் கூடாரம் கூட இல்லாம வயல் சேத்துலயே படுத்து எழுந்தவங்க, தரை கொஞ்சம் காஞ்சாதான் பீரங்கிய நகர்த்த முடியும்னு நெப்போலியன் தாக்குதல ஆரம்பிக்கவே 11.30 வாக்குல ஆயிடுச்சுன்னு சொல்றாங்க, அவ்ளோ சகதி.

அந்த சிவப்ப பத்தியும் சொல்லணும். சாதாரண பிரிட்டிஷ் சிப்பாயோட கோட்டு மஞ்சிட்டி வகை வேர்ச் சாயம், வெயில் மழைல வெளுத்து செங்கல் கலருக்கு வந்துடும். காசு போட்டு சொந்தமா தச்சுக்கிற ஆபீசருக்குதான் கொச்சினீல் பூச்சில எடுத்த பளீர் சிவப்பு. மொத்த பெட்டாலியனுக்கும் ஒரே டப்பாலேர்ந்து சிவப்ப அடிச்சா, யாரு கூலிக்கு வந்தவன் யாரு வசதியானவன்னு அந்த துணியே சொல்ற விஷயம் காணாம போயிடுது. எனக்கு அதுதான் தாங்கல.

நான் பிரவுன் பிரைமர் (பெயின்ட் ஒட்டறதுக்கான அடிப்பூச்சு) அடிச்சு, மேல செங்கல் சிவப்பு, அதுல ஆளுக்கு ஆள் ஒரு சொட்டு ஆரஞ்சோ பிரவுனோ கலந்துடுவேன். அப்புறம் வாஷ் (பள்ளத்துல இறங்கற தண்ணி பெயின்ட்), மடிப்பு மேல லேசா ட்ரை பிரஷ் (பெயின்ட்ட தொடச்ச காஞ்ச பிரஷ்ஷால தேய்க்கறது). சேத்துக்கு பிரஷ்ஷே வேண்டாம், பழைய ஸ்பாஞ்ச பிச்சு கரும்பிரவுன்ல தொட்டு பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு, பூட்ஸுலேர்ந்து முட்டி வரைக்கும் தட்டிட்டே போங்க, மேல போகப் போக குறையணும். கடைசில மேட் வார்னிஷ் மட்டும்தான். பளபளக்கிற கிளாஸ் வார்னிஷ் அடிச்சீங்கன்னா அத்தன உழைப்பும் பிளாஸ்டிக்கா மினுக்கும்.

"இதெல்லாம் யாரு பாக்கப்போறா"ன்னு கேக்கறவங்களுக்கு வாட்டர்லூ சண்டைய குட்டி மாடலா செஞ்ச பிரிட்டிஷ் ராணுவ ஆபீசர் வில்லியம் சைபோர்ன்தான் என் பதில். சண்டை நடந்த இடத்துலயே இருக்கற லா ஹே சாந்த் பண்ணை வீட்டுல எட்டு மாசம் தங்கி நிலத்த அளந்தார், அந்த சண்டைல இருந்து அப்பவும் உயிரோட இருந்த ஆபீசர்களுக்கு எல்லாம் லெட்டர் போட்டு சாயந்திரம் ஏழு மணிக்கு நீங்க எங்க நின்னீங்க, எதிர்ல என்ன பயிர் இருந்துச்சுன்னு வரைக்கும் கேட்டார், பயிரு!! அரசாங்கம் பாதில பணத்த நிறுத்தியும் கைக்காசு போட்டு 1838ல காட்சிக்கு வச்ச அந்த மாடல்ல கிட்டத்தட்ட 70,000 குட்டி உலோக பொம்மைங்க, லண்டன் நேஷனல் ஆர்மி மியூசியத்துல இருக்கு. பிரிட்டிஷ்காரங்களுக்கு துணைக்கு வந்த பிரஷ்யன் (ஜெர்மன்) படை இவ்ளோ பெருசா தெரியறது பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனுக்கு பிடிக்காம, பின்னாடி நெறைய பிரஷ்யன் பொம்மைய எடுக்க வேண்டியதாச்சு, அது எனக்கு இன்னிக்கும் வயித்தெரிச்சல். நம்ம மேஜைல அந்த மாதிரி நெருக்கடி எதுவும் இல்ல, அப்ப நடந்தத நடந்தபடி காட்ட என்ன தடை?

அடுத்து பிரெஞ்சு லைன் இன்ஃபன்ட்ரி (சாதாரண காலாட்படை) எடுக்கறேன். கிரேட்கோட்டு (நீள மேல்கோட்டு) சாம்பல், வெளிர் பழுப்பு, கரும்பிரவுன்னு ஆளுக்கு ஒண்ணா வரும், ஷாக்கோங்கற உயரத் தொப்பி மேல உறை. அந்த வெளிர் பழுப்புக்கு நல்ல மிக்ஸ் யார்கிட்டயாவது இருந்தா கமென்ட்ல போடுங்க.