‘வட்ஸ்அப் இல்லையா சேர்?’ என்று மட்டும் இனி என்னைக் கேட்காதீர்கள்

நான் மாதாமாதம் காசு கட்டுகிற கைபேசிக் கம்பனியின் உதவி மையத்துக்கு அழைத்து, தமிழுக்கு உரிய இலக்கத்தை அழுத்தி, காதில் பாட்டு ஓட ஓடக் காத்திருந்து, கடைசியில் ஒரு பிள்ளை வந்து “வணக்கம் சேர்” என்று சொல்ல, அக்காவின் போனில் ஆர்சிஎஸ் மெசேஜ் வேலை செய்யவில்லை என்று நான் ஒழுங்காக விளங்கப்படுத்தினால், அந்தப் பிள்ளை கேட்கிற கேள்வி இது: “சேர், உங்களிட்ட வட்ஸ்அப் இல்லையா?” ஒரு கடையில் போய் உங்கள் தராசு பிழை என்று சொன்னால், பக்கத்துக் கடையில் வாங்குங்கோ என்று அனுப்பிவிடுகிற கதைதான் இது. பக்கத்துக் கடைக்குப் போகிற வழி எனக்குத் தெரியாதா? நான் கேட்டது உன் தராசைப் பற்றி.

அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆர்சிஎஸ் என்று நான் சொன்னதும் “ஆர்... எஸ்... என்ன சேர்?” என்று கேட்ட விதத்திலேயே விளங்கிவிட்டது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்சிஎஸ் என்பது பழைய எஸ்எம்எஸ்ஸின் இடத்துக்கு வந்த புதிய முறை. போனோடு வருகிற அதே மெசேஜ் செயலிதான், அதே தொலைபேசி இலக்கம்தான், புதிதாக எதையும் இறக்கத் தேவையில்லை. ஆனால் செய்தி டேட்டாவில் போகும். எழுத்து எல்லை பற்றிய கவலை இல்லை, படம் தெளிவாகப் போகும், மற்றவர் வாசித்தாரா, எழுதிக்கொண்டிருக்கிறாரா என்று தெரியும், குழுவாகவும் பேசலாம். அன்ட்ரொயிட்டில் கூகிள் மெசேஜஸைத் திறந்து, எழுதுகிற பெட்டிக்குள் மங்கலாக ‘ஆர்சிஎஸ் மெசேஜ்’ என்று இருந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். ‘டெக்ஸ்ட் மெசேஜ்’ என்று இருந்தால் நீங்களோ மற்றவரோ இன்னும் 1992இல் இருக்கிறீர்கள். அந்த வருடம் டிசம்பரில்தான் இங்கிலாந்தில் முதல் எஸ்எம்எஸ்ஸை அனுப்பினார்கள்.

இது கொழும்பில் இருப்பவனுக்கு ஒரு ஆடம்பரமாக இருக்கலாம். எங்கள் வன்னிப் பக்கத்துக்கு அப்படியில்லை, அதைத்தான் இவர்களுக்கு யாரும் சொல்லி விளங்கப்படுத்த முடியாமல் இருக்கிறது. ஒட்டுசுட்டானில் சந்தியடியில் நின்றால் நாலு கோடும் நிறைந்திருக்கும், யூடியூப் கூட ஓடும். அதே போனைக் கொண்டு முத்தையன்கட்டுப் பக்கம் வயலுக்குப் போனால் ஒரு கோடு வரும், போகும். ‘4ஜி’ என்று எழுதியிருக்கும், ஆனால் ஒன்றும் நகராது. அந்த நேரத்தில் வட்ஸ்அப்பில் அனுப்பினால் முதலில் அந்த மணிக்கூட்டுப் படம் நிற்கும், பிறகு ஒற்றைச் சரி விழும், மற்றச் சரி எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. மற்றப் பக்கத்தில் ஒருவர் காட்டோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆர்சிஎஸ் அப்படி விட்டுவிடாது. டேட்டா இழுத்தால் டேட்டாவில் போகும், இழுக்காவிட்டால் அதையே எஸ்எம்எஸ்ஸாக மாற்றி அனுப்பலாம், அதைத் தானாகச் செய்யச் சொல்லியும் செட்டிங்கில் வைக்கலாம். மாமாவுடையது பட்டன் போன், அவருக்கு அதே செயலியில் இருந்து சாதாரண எஸ்எம்எஸ். வவுனியாவில் இருக்கிற அக்காவுக்கு, அவளுடைய பக்கமும் திறந்திருந்தால், அதே இடத்தில் இருந்து படத்தோடு செய்தி. ஒரே இடத்தில் எல்லாரும். சிக்னல் வந்து போகிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை யாராவது யோசித்திருக்க முடியுமா? வன்னிக்கென்றே செய்தது மாதிரி ஒரு சாமான், அதை வன்னியில் ஒழுங்காகத் திறந்துவிட ஒரு கம்பனிக்கு மனமில்லை.

இப்போது அக்காவின் போனுக்கு வருகிறேன். ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பாவின் மகன் பாவித்துவிட்டுக் கொடுத்த ஐபோன் 12. அவன் போன வருடம் லீவுக்கு வந்து நின்றபோது தன்னுடைய கனடா சிம்மோடு அதைக் கொண்டு வந்தான். செட்டிங்கில் மெசேஜஸ் பகுதிக்குள் போனால் ‘ஆர்சிஎஸ் மெசேஜிங்’ என்று ஒரு வரி இருந்தது, பச்சைப் பொத்தானோடு. போகும்போது போனை அக்காவுக்குக் கொடுத்தான். அக்கா தன் சிம்மைப் போட்டாள். அதே போன், அதே மேசை, அதே செட்டிங் பக்கம். அந்த வரியைக் காணவில்லை. அணைந்திருக்கவில்லை, அந்த வரியே இல்லை. போன் பிழையா? போன் சொல்லாமலே சொல்லிவிட்டது யார் பிழை என்று.

காரணம் எளிது. அப்பிள் பல வருடம் ஆர்சிஎஸ்ஸை ஏற்க மாட்டேன் என்று பிடிவாதமாக நின்று, 2023 நவம்பரில்தான் சரி என்று இறங்கி வந்து, 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 உடன் அதைக் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: நீங்கள் பாவிக்கிற சிம் கம்பனி அதற்கு ஆதரவு கொடுத்து, அந்தக் கம்பனிக்குரிய செட்டிங் கோப்பில் அது திறந்துவிடப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வரி தெரியாது. அன்ட்ரொயிட்டில் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை, ஏனென்றால் கம்பனிக்காரரை நம்பி நம்பி அலுத்துப்போய் கூகிள் 2019இல் தானே நேரடியாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதற்கு முன்பே, 2015இல், ஜைப் என்ற நிறுவனத்தை வாங்கி எல்லா ஏற்பாட்டையும் செய்து வைத்துக்கொண்டு, வாருங்கோ சேருங்கோ என்று உலகம் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தது. ஆர்சிஎஸ் வேலை தொடங்கியது 2007இல். எல்லாரும் ஒரே மாதிரிச் செய்வோம் என்று ஒரு பொது விதியை எழுதி முடிக்கவே 2016 ஆகிவிட்டது. ஒவ்வொருத்தரும் தன் தன் ராச்சியத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அதற்குள் வட்ஸ்அப் வந்து எல்லாரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது அதே கம்பனிகள்தான் எங்களைப் பார்த்து வட்ஸ்அப் இல்லையா என்று கேட்கின்றன. வெட்கம் என்ற ஒன்று இல்லையா?

சரி, வரி இல்லை, அதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவின் காணிப் பெர்மிட்டை ஒரு அலுவலுக்காக அக்கா பார்க்க வேண்டியிருந்தது. பழைய பெர்மிட், பழுப்பேறிய தாள், மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அரைவாசி அழிந்திருக்கும், பேனாவால் எழுதிய இலக்கம் ஒன்று ஓரத்தில். என்னிடம் அந்த நேரம் இருந்தது சாதாரண டேட்டா, அக்காவிடம் வைஃபை. நான் மெசேஜில் படம் எடுத்து அனுப்பினேன். அக்காவின் பக்கம் ஆர்சிஎஸ் இல்லாததால் அது எம்எம்எஸ்ஸாக மாறி, எம்எம்எஸ் என்றால் படத்தை நசுக்கித்தானே அனுப்பும், அக்காவிடம் போய்ச் சேர்ந்தபோது அந்த இலக்கம் 3ஆ 8ஆ என்று தெரியாத அளவுக்குக் கரைந்திருந்தது. “தம்பி, இது என்ன எறும்பு ஊர்ந்த மாதிரி கிடக்கு?” என்றாள். நசுங்கிய படத்துக்கும் என் கணக்கில் காசு கழிந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தமிழில் எழுதுகிறவன் இதில் எப்படி ஏமாற்றப்படுகிறான் என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்புகிற பகுதி. ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் 140 பைட் இடம். ஆங்கிலம் என்றால் அதற்குள் 160 எழுத்து அடங்கும். தமிழில் எழுதினால் ஒவ்வொன்றும் இரண்டு பைட் பிடிக்கும், ஆக 70தான். அந்த 70ம் நாங்கள் எண்ணுகிற மாதிரி எழுத்து இல்லை. புள்ளி ஒன்று, கொம்பு ஒன்று, விசிறி ஒன்று என்று தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பார்கள். ‘அம்மா’ என்பது எங்களுக்கு மூன்று எழுத்து, அவர்களுக்கு ஐந்து. “அம்மா, நாளைக்கு வயலுக்குத் தண்ணீர் திறப்பினமாம். மாமாவிடம் சொல்லி விடுங்கோ.” இதில் என்ன பெரிய பாரதமா எழுதியிருக்கிறது? இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 75 வருகிறது, எண்ணிப் பாருங்கள். ஆகவே இது இரண்டு எஸ்எம்எஸ். அதோடு இரண்டாகப் பிரித்ததும், பிரித்த துண்டுகளைத் திரும்ப ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டும் என்று துண்டுக்கு 67 ஆகக் குறைந்துவிடும். இதையே ‘ammaa naalaikku thanneer’ என்கிற மாதிரி இங்கிலிஷ் எழுத்தில் எழுதினால் ஒன்றோடு முடிந்தது. தமிழை இங்கிலிஷ் எழுத்தில் எழுதுகிறார்களே, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பற்று இல்லையே என்று மேடையில் குமுறுகிற பெரியவர்கள் ஒருமுறை இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இதில் இன்னும் ஒரு கூத்து. எஸ்எம்எஸ் விதிப்புத்தகத்திலேயே தமிழைச் சுருக்கி அனுப்புவதற்கென்று ஒரு எழுத்து அட்டவணை எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிந்திக்கு இருக்கிறது, மலையாளத்துக்கு இருக்கிறது, தமிழுக்கும் இருக்கிறது. என் போனில் இருந்து போகிற ஒரு செய்தியும் அதைத் தொட்டதில்லை, 70ஆவது இடத்தைத் தாண்டினால் இரண்டுதான்.

ஆர்சிஎஸ்ஸில் இந்த எண்ணுகிற வேலையே இல்லை. எழுது, அனுப்பு, முடிந்தது.

அதற்கும் ஒரு பொறி வைத்திருக்கிறார்கள் பாருங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலான ஆட்கள் போடுவது ‘சோஷல்’ பெக்கேஜ். வட்ஸ்அப் ஓடும், பேஸ்புக் ஓடும், மற்றது ஓடாது. ஆர்சிஎஸ் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பனி தன்னுடைய சிம்மில், தன்னுடைய இலக்கத்தில், செய்தி அனுப்புகிற வசதிக்குக் கதவைச் சாத்திவிட்டு, அமெரிக்காக்காரனின் செயலிக்கு மட்டும் வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பிறகு ஆர்சிஎஸ்ஸை யாரும் கேட்பதில்லை என்று சொல்லும். கேட்க வழி இருந்தால்தானே கேட்பார்கள்? அன்ட்ரொயிட்டில் கூட முதல்முறை இலக்கத்தை உறுதிப்படுத்துவதற்குப் போன் பின்னால் தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பக்கூடும். ரீலோட் முடிந்த சிம் என்றால் அது போகாது. ‘உறுதிப்படுத்துகிறது’ என்று சுழன்றுகொண்டே இருக்கும். அம்மாவின் போனில் அப்படித்தான் கிடந்தது. ஐம்பது ரூபா போட்டதும் இரண்டாம் நிமிடம் ‘இணைந்தது’ என்று வந்துவிட்டது. இதை ஒரு வரி எழுதி எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பினால் என்ன குறைந்துபோகும்? அனுப்புகிறார்களே, இரவு பத்து மணிக்கு, சிங்களத்தில், கிரிக்கெட் ஸ்கோர் சேவையில் சேரச் சொல்லி. மல்லாவியில் இருந்தாலும் சிங்களம்தான், மாங்குளத்தில் இருந்தாலும் சிங்களம்தான். மொழித் தெரிவில் தமிழ் போட்டு வைத்தவர்களுக்கும் வருகிறது.

நகரத்தில் இருக்கிற அவர்களுடைய கிளைக்கும் போய்ப் பார்த்தேன். ஏசி, கண்ணாடிக் கதவு, டோக்கன் இயந்திரம். கவுண்டரில் இருந்த தம்பி நல்ல பொடியன், மரியாதையாகத்தான் கதைத்தான். அக்காவின் போனை வாங்கிப் பார்த்து, “அண்ணை, எம்எம்எஸ் செட்டிங் அனுப்பிவிடுறன், சரியாயிரும்” என்றான். எம்எம்எஸ் வேறு, இது வேறு என்றேன். “அப்ப போனை ரீசெட் பண்ணிப் பாப்பமா?” என்றான். ரீசெட் பண்ணினால் அதில் இருக்கிற படம் எல்லாம் போய்விடும், அதற்குப் பிறகும் இது வராது, ஏனென்றால் இது உங்கள் கம்பனி அப்பிளோடு முடிக்க வேண்டிய வேலை என்று நான் விளங்கப்படுத்த, அவன் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அண்ணை, நாங்கள் இங்க சிம் விக்கிறதும் பில் கட்டுறதும்தான். இதெல்லாம் கொழும்பில” என்றான். அதுதான் உண்மை. போர் முடிந்த கையோடு ஏ9 வீதி நெடுகிலும் கோபுரம் நட ஓடி வந்தவர்கள், பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் பதாகை கட்டியவர்கள், ஒரு கேள்வி கேட்டால் மட்டும் ‘கொழும்பில’.

பாதுகாப்பு என்று ஒரு சாட்டும் சொல்கிறார்கள். ஐபோனுக்கும் அன்ட்ரொயிட்டுக்கும் இடையில் ஆர்சிஎஸ் மறைகுறியாக்கம், அதாவது நடுவில் யாரும் வாசிக்க முடியாதபடி போடுகிற பூட்டு, இல்லாமல்தான் தொடங்கியது, அது உண்மை, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் 2025 மார்ச்சில் அதற்கான விதியையும் வெளியிட்டுவிட்டார்கள், அப்பிளும் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டது. அதைவிட, இவர்கள் இப்போது விற்கிற எஸ்எம்எஸ்ஸுக்கு என்ன பூட்டு இருக்கிறது? அதில்தானே வங்கியின் ஓடிபி எல்லாம் வந்துகொண்டிருக்கிறது. அந்த ஓடிபிக்கு வங்கி காசு கட்டுகிறது, அதில் வருமானம் இருக்கிறது, ஆகவே எஸ்எம்எஸ்ஸில் குறை கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் அக்காவுக்கும் இடையில் போகிற பெர்மிட் படத்தில் அவர்களுக்கு ஒரு சதமும் இல்லை.

நான் கேட்பது புதுக் கோபுரம் இல்லை, 5ஜி இல்லை, இலவசம் எதுவும் இல்லை. அந்த ஐபோன் செட்டிங்கில் அந்த ஒரு வரி வர வேண்டும். சோஷல் பெக்கேஜ் பட்டியலில் ஆர்சிஎஸ்ஸையும் போட வேண்டும். உதவி மையத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அரை நாள் உட்கார்த்தி இது என்ன என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். திறக்கப் போவதில்லை என்றால் அதையாவது எழுத்தில் சொல்லட்டும், நான் சிம்மை மாற்றிக்கொண்டு போகிறேன்.

கடைசியாகக் கதைத்த மேற்பார்வையாளர் முறைப்பாட்டைப் பதிவு செய்துவிட்டோம், இரண்டு வேலை நாளுக்குள் எங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருந்து உங்களுக்கு அழைப்பு வரும் என்றார். அழைப்பு வந்ததுதான். வயலில் நின்றவன், சேற்றுக் கையைத் துடைத்துவிட்டு, சிக்னல் பிடிக்க வரம்பில் ஏறி நின்று எடுத்தேன். பதிவு செய்த குரல். காலர் டியூன் வேண்டுமென்றால் ஒன்றை அழுத்தட்டுமாம்.