விமானப் படத்தை வாகனப் பிரிவில் தள்ளாதீர்கள்

விமானத்தைப் படம் பிடிப்பது ஒரு கலை என்று சொன்னால் நம் ஆட்கள் நிறையப் பேர் ஒத்துக்கொள்வதில்லை. பறவையைப் பிடித்தால் கலை. கொழுந்துக் கூடையோடு நிற்கிற அம்மாவைப் பிடித்தால் கலை. விமானம் என்றால் மட்டும் "வாகனப் படம்". ஒரு புகைப்படப் போட்டிக்கு நான் அனுப்பிய படத்துக்கும் இதே பதில்தான் வந்தது: இது வாகனம், நிலக்காட்சிப் பிரிவில் சேர்க்க முடியாது. படத்தில் இருந்தது காசல்ரீ நீர்த்தேக்கம், அதைச் சுற்றித் தேயிலை மலை, நடுவில் இறங்கி வருகிற ஒரு சின்ன விமானம். முக்கால்வாசிக்கு மேல் மலைதான். அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் சுற்றுகிற விமானப் படங்களில் பெரும்பாலானவை அடையாள அட்டைப் படம் மாதிரி இருக்கும் என்பது உண்மைதான். பக்கவாட்டில் முழு விமானம், மூக்கிலிருந்து வால் வரை, பதிவெண் பளிச்சென்று. எந்த விமானம் எந்த நிறத்தில் பறந்தது என்பதற்கு அது ஒரு பதிவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் எடுப்பவர் தீர்மானிக்க அதிகம் இல்லை. எதைத் தெளிவாக வைப்பது, எதைக் கலங்க விடுவது, வானத்துக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்று அவர் முடிவு பண்ணத் தொடங்குகிற இடத்தில்தான் எனக்குக் கலை தொடங்குகிறது.

இந்த வழக்கில் நம் பக்கம் சாட்சி சொல்ல ஒருவர் பொகவந்தலாவையிலேயே இருக்கிறார். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண்மணிக்கு 1863இல், 48 வயதில், முதல் கெமரா கிடைத்தது. அவர் எடுத்த முகங்கள் மங்கலாக இருக்கின்றன, ஃபோகஸ் சரியில்லை, வேலை தெரியாதவர் என்று லண்டனில் திட்டித் தீர்த்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்த காலம். 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து, பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலய வளவில் புதைக்கப்பட்டார். புகைப்படத்தையும் கலையாகப் பார் என்று போராடியவர்களில் அவர் முன்வரிசை. இன்று உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. அவர் கல்லறை இருக்கிற மலைநாட்டில் நின்றுகொண்டு, இது கலை, இது வாகனம் என்று கோடு போடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, கலங்க விடுவது என்றேனே, அதற்கு வருகிறேன். காசல்ரீயில் தண்ணீரில் இறங்குவது செஸ்னா 208 கரவன், மிதவை பூட்டியது. அதன் முன் விசிறிக்கு வழமையாக மூன்று அலகு (பிளேட்), நிமிடத்துக்கு 1,900 சுற்று வரை சுற்றும். ஷட்டரை, அதாவது கெமராவுக்குள் வெளிச்சம் விடுகிற கதவை, 1/2000 செக்கனில் வைத்து எடுத்தால் மூன்று அலகும் அப்படியே உறைந்து நிற்கும். பார்க்கிறவருக்கு எஞ்சின் நின்றுபோன விமானம் ஆகாயத்தில் தொங்குவது போலத் தெரியும். உயிர் போய்விட்ட படம் அது. 1/80க்கு இறக்கினால், ஷட்டர் திறந்து மூடுவதற்குள் ஒவ்வொரு அலகும் வட்டத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும்; விசிறி முழு வட்டமாக, மெல்லிய புகைத்தட்டாகத் தெரியும். ஆனால் 1/80இல் விமானமும் கலங்கிப் போகுமே? அதற்குத்தான் முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, இடுப்பிலிருந்து திரும்பி, விமானத்தோடு கெமராவையும் கொண்டுபோக வேண்டும், அழுத்திய பிறகும் நிறுத்தாமல். சரியாக அமைந்தால் இறக்கையில் உள்ள எழுத்துகூட வாசிக்க முடியும். பின்னால் தேயிலை நிரைகள் பச்சைக் கோடுகளாக ஓடும். அமையாதவைதான் அதிகம், எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதுதான். ஹெலிகொப்டர் விசிறி இதைவிட மெதுவாகச் சுற்றும், ஷட்டரை இன்னும் இறக்க வேண்டும்.

நமக்கு இருக்கிற பெரிய வரம் உயரம். கட்டுநாயக்க விமான நிலைய வேலியோரம் நிற்பவர் விமானத்தின் வயிற்றைத்தான் பார்ப்பார். காசல்ரீக்கு மேலே கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்துவிட்ட, மலையில் நின்றால் நாம் மேலே, விமானம் கீழே. இறக்கையின் முதுகு தெரியும், அதன் நிழல் தண்ணீரில் கூடவே வரும். பெரும்பாலான இடங்களில் காசு கொடுத்து இன்னொரு விமானத்தில் ஏறினால்தான் கிடைக்கும் கோணம் இது. ஒன்று மட்டும்: காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் லயத்துத் தகரக் கூரைகளுக்கு மேலே காற்று அலையடிக்கும், எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் படம் நெளியும்.

உயரத்தில் போகிற பெரிய விமானங்களையும் விட்டுவிடாதீர்கள். அவை விடுகிற வெள்ளைக் கோடு எஞ்சினிலிருந்து வரும் நீராவி கடுங்குளிரில் பனித்துகளாக உறைவது. மேலே காற்று ஈரமாக இருந்தால் கோடு நின்று பரவும், வறண்டிருந்தால் உடனே கரையும். ஆக, அந்தக் கோட்டைப் படம் பிடித்தால் அன்றைய மேல்வானத்தையும் சேர்த்துப் பிடித்த மாதிரிதான்.

இன்னொன்றைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். நீண்ட லென்ஸ் தூரத்தைச் சுருக்கிவிடும். பல கிலோமீற்றர் தள்ளிப் போகிற விமானம் மலை முகட்டை உரசுவது போலத் தெரியும். அதைப் போட்டு "மயிரிழையில் தப்பியது" என்று எழுதுகிறார்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, சுராபயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த மார்ட்டின்எயார் டிசி-8, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அந்த மலை இன்றும் நம் படங்களின் பின்னணியில் வருகிறது. விருப்பக்குறிக்காக அங்கே இப்படி எழுதக் கூடாது. செயலியை வைத்து வானத்தை மாற்றி ஒட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. நம் வானம் பாதி நாள் சாம்பல் நிறம்தான், சாம்பலாகவே இருக்கட்டும்.

அடுத்த போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படத்தில் என்ன பொருள் இருக்கிறது என்பதை வைத்துப் பிரிக்காமல், எடுத்தவர் என்ன பார்த்தார் என்பதை வைத்துப் பிரியுங்கள். நிலக்காட்சிப் பிரிவின் விதியில் "விமானம், ரயில் இருக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் போனிலேயே நல்ல படம் எடுக்கிற தம்பி தங்கச்சிமார் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் அனுப்புவார்கள்.