பெயிண்டரோட ஏணியைப் பிடிச்சு வெச்சவங்களுக்கு

நேத்து அசோசியேஷன் குரூப்ல நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும், முழுசா சொல்லல. பெயிண்ட் டப்பா சரிஞ்சு ஒருத்தர் கார் மேல கொட்டிடுச்சு, சரி, தப்புதான். அதுக்காக பெயிண்டரோட நாலு நாள் கூலியை நிறுத்தி, ஏணியையும் பிடிச்சு வெச்சுக்கிட்டு "நஷ்டத்தைக் கட்டிட்டு எடுத்துட்டுப் போ"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்? செஞ்ச வேலைக்குக் கூலியை அன்னைக்கே கொடுக்கணுமா வேணாமா, இதான் நான் கேட்டது. கூடவே பைபிள்லேர்ந்து உபாகமம் 24:15 போட்டேன். அதுக்கு இத்தனை பேச்சு.

திரும்பவும் சொல்றேன். தோராவுல, அதாவது நம்ம பைபிளோட முதல் அஞ்சு புத்தகத்துல, கூலிக்காரன் கூலியைப் பொழுது சாயறதுக்குள்ள கொடுத்துடுன்னு இருக்கு, ஏன்னா அவன் ஏழை, அதையே நம்பி உயிரை வெச்சிருக்கான். இதுக்கு யூத குருமாருங்க தல்மூதுல, அதாவது தோராவை விளக்குற அவங்களோட பழைய சட்ட நூல்ல கேக்குறாங்க, அவன் எதுக்கு உயரத்துல ஏறினான், மரத்துல தொங்கினான், சாவுக்கு முன்னாடி போய் நின்னான், கூலிக்குத்தானேன்னு. மூணாவது மாடிச் சாரத்துல இடுப்புல ஒத்தக் கயிறோட அந்த மனுஷன் நின்னப்ப எனக்கு இதுதான் ஓடுச்சு.

ஏணி விஷயத்துக்கும் அதே 24ஆம் அதிகாரத்துல, ஆறாம் வசனத்துல பதில் இருக்கு. திரிகைக் கல்லை அடகா வாங்காதே, அது ஒருத்தனோட உயிரையே அடகு வாங்குற மாதிரி. பெயிண்டருக்கு ஏணிதானே திரிகைக் கல்லு?

"பழைய ஏற்பாடெல்லாம் முடிஞ்சுபோச்சு, நாம கிருபைக்குள்ள இருக்கோம்"னு ஒரு அண்ணன். அதே பழைய ஏற்பாட்டுல இருக்கிற தசமபாகத்தை, அதான் வருமானத்துல பத்துல ஒரு பங்கை, சர்ச்சுல கேக்கும்போது மட்டும் அது முடியலையாண்ணே? சரி, புதிய ஏற்பாட்டுலயே யாக்கோபு 5:4 எடுத்துப் பாருங்க, பிடிச்சு வெச்ச கூலி கூக்குரல் போடுதுன்னு இருக்கு. இன்னொருத்தர், அதே தோராவுல அடிமைச் சட்டமும் இருக்கேன்னார். இருக்கு, எனக்கும் அது உறுத்தும். அதனால இவருக்குக் கூலி கொடுக்க வேணாமா? தோரான்னாலே இஸ்ரேலுக்கு ஜால்ரான்னு எழுதினவருக்கு நான் பதில் சொல்றதா இல்ல.

"அப்ப கார் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?" இது நியாயமான கேள்வி. தல்மூதுல ராபா பார் பார் ஹனான்னு ஒருத்தர், சுமை தூக்குறவங்க அவரோட திராட்சரசப் பீப்பாயை உடைச்சுட்டாங்க, இவர் அவங்க மேலாடையைப் பிடுங்கி வெச்சுக்கிட்டார். ராவ்ங்கிற பெரிய குரு திருப்பிக் கொடுன்னார். இதான் சட்டமான்னு கேட்டார், ஆமான்னார். அவங்க, நாங்க ஏழைங்க, நாள் பூரா உழைச்சோம், பசிக்குதுன்னாங்க. கூலியையும் கொடுன்னார் ராவ். இதுவும் சட்டமான்னு கேட்டார், அதுக்கும் ஆமான்னார். அவங்க உடைச்சது நிஜம், அப்படியும் கொடுன்னார்!

கூலியைக் கேக்காதவனுக்கு அன்னைக்கே கொடுக்கலைன்னா குத்தம் சேராது, கேட்டும் கொடுக்கலைன்னாதான் குத்தம்னு மிஷ்னாவுல, அதாவது தல்மூதுக்கு அடிப்படையான யூத சட்டத் தொகுப்புல இருக்கு. இவர் மூணு தடவை கேட்டார், செக்யூரிட்டி அண்ணனே சாட்சி.

கடைசியா ஒரு கமெண்ட், "உங்க அப்பா கொத்தனார்தானே, அதான் சப்போர்ட்டு"ன்னு. ஆமா, கொத்தனார்தான். சனிக்கிழமை ராத்திரி மேஸ்திரி வீட்டு வாசல்ல அப்பாகூட நானும் நின்னிருக்கேன், அப்ப எனக்கு எட்டு வயசு. உள்ள டிவி ஓடுற சத்தம் கேக்கும், மீன் குழம்பு வாசம் வரும். அப்பா சிமெண்ட்டு வெடிச்ச விரலால மடிச்ச மஞ்சப் பையை நீவிக்கிட்டே இருப்பாரு. அந்தம்மா வந்து "அவர் தூங்கிட்டாரு, திங்கக்கிழமை வாங்க"ம்பாங்க. வர்ற வழியில அப்பா மளிகைக் கடைப் பக்கம் திரும்பவே மாட்டாரு, அடுத்த தெரு வழியா சுத்தித்தான் கூட்டிட்டு வருவாரு. அம்மா உலை வெச்சுட்டு உக்காந்திருக்கும், பையைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம அடுப்பை அணைச்சுடும்.

தினமும் காலைல குரூப்ல வசனம் போடுற சார், நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். கார் பாலிஷ் செலவுல நானும் பாதி தர்றேன். அவரோட நாலு நாள் கூலியையும் ஏணியையும் இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள கொடுத்துடுங்க.