மெல்பர்னில் என்றால் பெருமை, பினாங்கில் என்றால் அரசியலா?

நம் இணையக் குழுவில் இருப்பவர்களுக்கு நடந்தது தெரியும். மெல்பர்னில் கவுன்சிலருக்கு நிற்கும் நம் பினாங்குத் தம்பியின் போஸ்டருக்கு ஒரே கைகூப்பு, மாலை, "நம்ம புள்ள!" நானும் வாழ்த்திவிட்டு, "நம்ம ஊரில் இப்படி ஒருத்தர் நிற்பது எப்போ?" என்று ஒரு வரி கேட்டேன். இங்கே மலேசியாவில் கவுன்சிலருக்குத் தேர்தலே கிடையாது, நியமனம்தான். கொஞ்ச நேரத்தில் என் வரியைக் காணோம். "குழுவில் அரசியல் வேண்டாம் அண்ணே" என்றார் அட்மின்.

சரி. அங்கே ஓட்டுக் கேட்டால் பெருமை, இங்கே ஓட்டு எங்கே என்று கேட்டால் அரசியல். அப்போ அந்தப் போஸ்டர் என்ன, கல்யாணப் பத்திரிகையா?

பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் 1951-லேயே நகராண்மைத் தேர்தல் கண்ட ஊர். 1965-ல் இந்தோனேசியாவோடு மோதல் என்று சொல்லி உள்ளாட்சித் தேர்தலை நாடு முழுக்க நிறுத்தினார்கள். மோதல் அடுத்த வருடமே முடிந்தது. தேர்தல் திரும்பி வரவில்லை. இதை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைவர் நம் வழக்கறிஞர் ஆதி நாகப்பன். தேர்தல் வேண்டும் என்றுதான் அந்த ஆணையம் சொன்னது. யார் கேட்டார்கள்? 1976 உள்ளாட்சிச் சட்டத்தோடு எல்லாம் நியமனம் என்றாகிவிட்டது. பினாங்கு சட்டமன்றம் 2012-ல் தனியாகச் சட்டம் போட்டுப் பார்த்தது. அந்த அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் முடித்துவிட்டது.

எங்கள் லோரோங் (சந்து) சாக்கடை மழைக்கு மழை அடுப்படிவரை வரும். எங்கள் பகுதிக்குக் கவுன்சிலர் யார் என்றே அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கோயில் திருவிழாவில் ஒருவரைக் காட்டினார்கள். "பார்க்கிறேன் அண்ணே" என்றார், பாவம், நல்ல மனுஷன்தான். அடுத்த வருடம் அவர் இல்லை, வேறொருவர். யார் எடுத்தது, யார் வைத்தது? கட்சிக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்கு நகராண்மை போடும் மதிப்பீட்டு வரி பில் மட்டும் வருடத்துக்கு இரண்டு தடவை வழி தவறாமல் வந்துவிடுகிறது.

தேர்தலுக்குச் செலவாகும் என்பார்கள். ஆகட்டுமே.

"தேர்தல் வைத்தால் நம்மவன் ஒருத்தன்கூட வரமாட்டான், நியமனத்திலாவது இரண்டு மூன்று இடம் கிடைக்கிறது" என்பதுதான் பெரிய வாதம். அந்தப் பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஸ்காட் ரோட்டுக்கு டி.எஸ். ராமநாதன் பெயரை எதற்கு வைத்தார்கள்? தேர்தல் இருந்த காலத்தில் இதே ஊருக்கு மேயராக இருந்த மனிதர். தினம் அந்த ரோட்டில் கார் ஓட்டிக்கொண்டே நம்மால் ஜெயிக்க முடியாது என்கிறோம். அந்தத் தம்பி மட்டும் மெல்பர்னில் தமிழர் ஓட்டை நம்பியா நிற்கிறார்? வெள்ளைக்காரன் வீட்டுக் கதவைத் தட்டி, குப்பை வண்டியையும் பூங்காவையும் பற்றிப் பேசுகிறார். இங்கே நம் பிள்ளை யார் கதவைத் தட்டுவான்? கட்சிக்காரர் வீட்டுக் கதவைத்தான். அப்புறம் பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள் என்று கோயிலில் உட்கார்ந்து புலம்புவோம்.

நான் கட்சி ஆள் என்று யாரோ தனியாக எழுதினார்களாம். எந்தக் கட்சி என்றும் சொல்லியிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.

மெல்பர்னில் என் அக்கா மகனுக்கு ஓட்டு இருக்கிறது. வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருமாம். அந்தத் தம்பிக்கே போடச் சொல்லிவிட்டேன். அட்மின் தம்பி, இது என் பக்கம். இங்கே உங்களால் அழிக்க முடியாது.